மறைப்பும் நகர்வும்

நாங்கள் எடுத்த ஆவணப்படத்தின் மொத்த நீளம் 28 நிமிடம். அதில் ஏறக்குறைய 9 நிமிடம் முகமில்லாத மனிதர்கள் பேசுகிறார்கள். வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலுமாகச் சில வீட்டு மாடிகளில் அதைத் திரையிட்டபோது, பார்த்தவர்களில் பாதிப்பேர் பாலாற்றைப் பற்றிக் கேட்டார்கள். மீதிப்பேர் அந்த முகமற்றவர்களைப் பற்றிக் கேட்டார்கள். “இருட்டில் உட்காரவைத்து எடுத்திருக்கலாமே, எதற்கு இத்தனை பாடு?” என்பது அடிக்கடி எழுந்த கேள்வி. ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடத்தில் ஏதோவொரு பதில் சொல்லி முடித்தோம். அந்தப் பதிலைச் சற்று விரித்து எழுதிவைக்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். படத்தொகுப்பில் பழகியவர்களுக்கு இதில் சில பகுதிகள் தெரிந்த சங்கதியாக இருக்கும். அவர்கள் தாண்டிச் செல்லலாம்.

‘மாஸ்க்’ என்பது மிக எளிய கருத்து. ஒரு சட்டகத்தின் ஒரு பகுதியைக் கோடு போட்டுப் பிரித்து, கோட்டுக்கு உள்ளே ஒன்றும் வெளியே வேறொன்றும் நிகழச் செய்வது. தகரத்தில் துளையிட்டுக் கோல அச்சு செய்கிறார்களே, கொள்கை அதுதான். சினிமா பிறந்த சில ஆண்டுகளிலேயே இது வந்துவிட்டது. ஜார்ஜ் மெலியஸ் 1898-இல் எடுத்த ஒரு நிமிடப் படத்தில் தன் தலையைத் தானே கழற்றி மேசைமேல் வைக்கிறார். கழுத்தில் மறுபடி ஒரு தலை முளைக்கிறது. அதையும் கழற்றி வைக்கிறார். கருப்புத் துணியும், படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி அதன்மேலேயே மறுபடி படம் பிடிக்கும் பொறுமையும்தான் அவருடைய மந்திரம்.

நம்மவர்களுக்கு இது இரட்டை வேடமாக அறிமுகமானது. 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பா இருவராக வந்தார். 1958-இல் அதே பெயரில் சிவாஜி, 1965-இல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் எம்.ஜி.ஆர். லென்சின் முன்னால் பாதியை மூடி ஒருவராக நடிப்பதைப் பிடிப்பார்கள். பிறகு சுருளைத் திரும்பச் சுற்றி, மறுபாதியை மூடி, இன்னொருவராக நடிப்பதைப் பிடிப்பார்கள். இதற்கிடையில் காமிரா ஒரு நூலளவும் அசையக்கூடாது. அசைந்தால் நடுவில் கோடு விழுந்துவிடும். பழைய படங்களில் இரட்டையர் ஒரே சட்டகத்தில் நிற்கும்போது நடுவே ஒரு தூணோ கதவு நிலையோ வந்து நிற்பதையும், இருவரும் தத்தம் எல்லைக்குள்ளேயே நின்று பேசுவதையும் கவனித்திருப்பீர்கள். மறைப்புக்கு நகரத் தெரியாத காலம் அது.

நகர்வு பிற்பாடு வந்தது. 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்காகக் கணிப்பொறியின் கட்டளைப்படி ஒரே பாதையில், ஒரே வேகத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் நகரக்கூடிய காமிராக் கையை உருவாக்கினார்கள். தமிழில் 2001-இல் வந்த ‘ஆளவந்தான்’ அந்த நுட்பத்தைக் கையாண்டது. சிறப்புக் காட்சிகளுக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. இரண்டு கமல்ஹாசன்களும் ஒருவரைக் கடந்து ஒருவர் நடக்க, காமிராவும் கூடவே போகலாம் என்றானது. படத்தின் மற்ற நிறைகுறைகள் நமக்கு இங்கே வேண்டாம்.

இன்று இவை இரண்டும் மடிக்கணினியில் வந்து குடியேறிவிட்டன. பிரீமியரிலோ டாவின்சி ரிசால்விலோ ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்தால், இடம், அளவு, சுழற்சி என்று சில எண்கள் தெரியும். நேரக்கோட்டில் ஓரிடத்தில் ஓர் எண்ணை நிறுத்தி ஓர் ஆணி அடிக்க வேண்டும். சற்றுத் தள்ளி வேறோர் எண்ணை நிறுத்தி இன்னோர் ஆணி. இடைப்பட்ட தூரத்தை மென்பொருளே நடந்து கடந்துவிடும். இந்த ஆணிக்குத்தான் ‘கீஃப்ரேம்’ என்று பெயர். படத்துக்கு அடிக்கிற ஆணியை மறைப்பின் கோட்டுக்கும் அடிக்கலாம். அப்போது அந்தக் கோடு, தான் மூடவேண்டிய பொருளைத் தொடர்ந்து நகரும்.

இதை நாங்கள் எந்தப் பயிற்சிக்கூடத்திலும் கற்கவில்லை. வேலூரில் திருமண வீடியோ தொகுக்கும் ஒரு சிறிய ஸ்டுடியோவில், அண்ணன் ஒருவரிடம் கற்றோம். அவர் 1990-களில், ‘மிக்ஸிங்’ என்று சொல்லப்பட்ட காலத்தில் தொழிலுக்கு வந்தவர். அந்தக் கால வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: இதய வடிவுக்குள் மணமகள், விரியும் தாமரைக்குள் மணமகன், சுவிட்சர்லாந்துப் பனிமலைமேல் இருவரும், ஓரத்தில் பறந்துபோகும் இரண்டு புறாக்கள். இலக்கிய ஆர்வலர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு. நாங்களும் ஒரு காலத்தில் சுளித்தோம். அந்த இதயத்தின் விளிம்பை எவ்வளவு மென்மையாக்கினால் மணமகளின் காதோரத்து மல்லிகை வெட்டுப்படாமல் இருக்கும் என்பதை அறிந்த கை அது என்று பக்கத்தில் உட்கார்ந்த பிறகு தெரிந்தது.

நகரும் மறைப்பை அவர் கற்றது ஆம்பூர்க் குடும்பம் ஒன்றின் நிக்காஹ் வீடியோவில். பெண்கள் பகுதியில் எடுத்த காட்சிகளைத் தனிப் பிரதியாகக் கொடுத்துவிடுவது அவருடைய வழக்கம். அதில் சிக்கல் இல்லை. ஆண்கள் பார்க்கும் பிரதியிலோ குழந்தையைத் தேடி வந்த ஒரு பாட்டி, தட்டேந்திய ஒரு சகோதரி என்று சிலர் சட்டகத்தைக் கடந்து போயிருந்தார்கள். வெட்டினால் மாப்பிள்ளை கையெழுத்திடும் முக்கியமான தருணம் போய்விடும். அக்குடும்பத்துப் பெரியவர், முகங்களை மட்டும் மூடிக்கொடுக்க முடியுமா என்று மிகுந்த தயக்கத்துடன் கேட்டாராம். தானே தொடரும் வசதியெல்லாம் அப்போது மென்பொருளில் இல்லை. பிரீமியரில் அது 2014-இல்தான் வந்தது. அண்ணன் அதே காட்சியை இன்னொரு அடுக்காக மேலே வைத்து, அதை மங்கலாக்கி, முகத்தளவு வெட்டி, சட்டகம் சட்டகமாக நகர்த்தினார். இரண்டு இரவு ஆயிற்று என்றார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை என்பதையும் சொன்னார்.

“மூக்கைப் புடிங்க தம்பி,” என்பது அவர் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம். “கண்ணு மூடும், வாய் ஆடும், மூக்கு அப்பிடியே கீது.” பிறகு நாங்கள் படித்த எந்தப் பயிற்சிக் குறிப்பிலும் இவ்வளவு பயனுள்ள வாக்கியம் இல்லை.

இனி, எங்கள் படத்தில் முகங்களை ஏன் மூடவேண்டி வந்தது என்று சொல்லியாக வேண்டும். இராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் இருக்கும் தோல் தொழிலைப் பற்றி வெளியூர் வாசகர்களும் அறிந்திருப்பார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிருக்கிறது என்ற ஆய்வு அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் வேரூன்றச் செய்த தீர்ப்புகளில் அது முக்கியமானது. சட்ட மாணவர்கள் நம் ஊரின் பெயரை இந்த வழக்கின் வழியாகவே அறிகிறார்கள். இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜனவரி 30 அன்று, அதே நீதிமன்றம் இழப்பீட்டைப் பற்றியும் கண்காணிப்புக் குழு ஒன்றைப் பற்றியும் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே இன்னொன்று உண்டு. 2015 ஜனவரி 31 அதிகாலை, இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில், தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் கழிவுச்சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். செய்தித்தாள்களில் நீரைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் நிறைய இருந்தது. தோலைத் தொட்டு வேலை செய்தவர்கள் பேசி நாங்கள் கேட்டது குறைவு. 2018-இல் நாங்கள் மூவர் சேர்ந்து ஒரு காமிராவுடன் கிளம்பியதற்கு அதுதான் காரணம்.

மூன்று பேர் எங்களிடம் விரிவாகப் பேசினார்கள். முதலாமவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். சுண்ணாம்புத் தொட்டியில் முப்பது ஆண்டுக்குமேல் நின்றவர். இரண்டாமவர் சதை நீக்கும் எந்திரத்தில் வேலை பார்த்தவர்; இடக்கையில் இரண்டு விரல்களின் நுனியை அந்த எந்திரத்துக்குக் கொடுத்தவர். மூன்றாமவர் பச்சைத் தோலிலிருந்து உப்பை உதறும் வேலைக்குப் போன அம்மாள். அவர் தொடக்கத்திலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். எங்களுக்கு வேலை வைக்கவில்லை.

பெரியவர் முகத்தைக் காட்டச் சொன்னார். “எனக்கு இன்னா பயம்? நான் பாத்த வேலைய நான் சொல்றேன்,” என்றார். ஒப்புதல் தாளிலும் கையெழுத்திட்டார். அந்தி வெளிச்சத்தில், வீட்டு வாசலில், வேப்பமர நிழல் முகத்தில் ஆட ஆட ஆறு நிமிடம் பேசினார். நாங்கள் எடுத்தவற்றிலேயே அழகான காட்சி அது. மூன்று மாதம் கழித்து அவருடைய இளைய மகனுக்கு ஒரு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்தது. மகன் எங்களைத் தேடிவந்து ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர்தான் வந்தார், வந்து, நெடுநேரம் வேறு எதையெதையோ பேசிவிட்டு, கிளம்பும்போது, “மூஞ்சி மட்டும் வேணாம்பா,” என்றார். இருட்டில் எடுத்திருக்கலாமே என்ற கேள்விக்கு இது ஒரு பதில். இருட்டில் எடுத்தாலும் காதின் வடிவமும் தலையின் கோடும் அப்படியே இருக்கும் என்பது இன்னொரு பதில். தொலைக்காட்சிகள் இருட்டுருவமாகக் காட்டுகிறவரைப் பார்க்கும்போது நம் மனம் அவரை முதலில் குற்றவாளியாகத்தானே எடுத்துக்கொள்கிறது?

விநாடிக்கு 25 சட்டகம். ஒன்பது நிமிடத்துக்கு 13,500. இப்போதைய மென்பொருளில் முகத்தைச் சுற்றி நீள்வட்டம் ஒன்றை வரைந்து, தொடரும்படி கட்டளையிட்டால் அது தானே தொடரும். முகம் நேராக, அசையாமல், நல்ல வெளிச்சத்தில் இருந்தால் நன்றாகவே தொடரும். பெரியவர் அப்படிப்பட்டவர் இல்லை. பேச்சின் நடுவே தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பார். மென்பொருளுக்கு முகமும் துண்டும் ஒன்றுதான். அது துண்டைப் பிடித்துக்கொண்டு தோளுக்குப் போய்விடும். முகம் பட்டப்பகலில் வெளியே நிற்கும். ஆட்டுக்குட்டியை விரட்டத் திரும்புவார். வட்டம் வேப்பமரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கெல்லாம் நிறுத்தி, ஆணியைப் பிடுங்கி, கையால் மறுபடி அடிக்க வேண்டும். மூக்கைப் பிடித்தோம்.

ஒரு சட்டகம் தப்பினால் என்ன என்று தோன்றலாம். ஓடும் படத்தில் விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கைக் கண் பார்க்காது. நிறுத்திப் பார்க்கிறவன் பார்ப்பான். நமக்கு வேண்டாதவன் நிறுத்தித்தான் பார்ப்பான். ஆகவே முடித்த பிறகு ஒலியை அணைத்துவிட்டு, அம்புக்குறிப் பொத்தானைத் தட்டித் தட்டி ஒவ்வொரு சட்டகமாகப் பார்த்தோம். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் மறுநாள் பார்த்தார்.

இப்படிப் பார்க்கும்போது ஒரு விநோதம் நிகழ்ந்தது. அந்த ஆறு நிமிடத்தை எடுக்கும்போது நாங்கள் பெரியவரின் சொற்களையே கேட்டுக்கொண்டிருந்தோம். மறைக்கும்போதுதான் முகத்தைப் பார்த்தோம். ‘பணம் குடுத்துட்டாங்க’ என்று சொல்லும் இடத்தில், சொல் வருவதற்கு முன்பே கீழுதடு உள்ளே மடிகிறது. இறந்துபோன கூட்டாளி ஒருவரைப் பற்றிச் சொல்லுமிடத்தில் குரல் இயல்பாகவே இருக்கிறது. கண் மட்டும் பத்துப் பன்னிரண்டு சட்டகங்களுக்கு மூடித் திறக்கிறது. இமைப்பதற்கு அது அதிகம். கழிவுத் தொட்டியில் இறங்கி வாயு தாக்கி இறந்தவர்களின் செய்தி இப்பகுதியில் அரிதானதல்ல. அந்தக் கூட்டாளியும் அப்படி இறந்தவர்தான். எழுத்தில் நாங்கள் நூறு வரி எழுதினாலும் வராத ஒன்று அந்தப் பன்னிரண்டு சட்டகத்தில் இருந்தது. அதன்மேல்தான் எங்கள் நீள்வட்டத்தை நகர்த்திக்கொண்டிருந்தோம். எதை மூடுகிறோமோ அதை நாங்கள் மூவர் மட்டுமே பார்த்தோம். வேறு எவரும் பார்க்கக்கூடாது என்பதே வேலையின் விதி.

வட்டத்துக்குள் எதைப் போடுவது என்பதில் எங்களுக்குள் சச்சரவு நடந்தது. கட்டம் கட்டமாகச் சிதைக்கலாம், மங்கலாக்கலாம், கருப்பால் மூடலாம். மங்கலும் கட்டமும் கண்ணுக்கு இதமானவை; பாதுகாப்பானவை அல்ல. 2007-இல், தன் முகத்தைச் சுழல்போலத் திருகிப் படங்களை இணையத்தில் போட்ட ஒரு குற்றவாளியின் முகத்தை ஜெர்மானியக் காவல்துறை திருப்பித் திருகி மீட்டது. இன்டர்போல் அதை வெளியிட, அவன் பிடிபட்டான். அவன் பிடிபட்டது நல்லதே. திருகியதைத் திருப்பலாம் என்ற செய்தி நல்லவர்களுக்கும் பொருந்தும் என்பதுதான் கவலை. 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர், மங்கலாக்கிய முகங்களையும் கட்டமிட்ட முகங்களையும் பழக்கப்படுத்திய கணிப்பொறி அடையாளம் காணும் என்று செய்து காட்டினார்கள். வீடியோவில் இது இன்னும் எளிது. முகம் அசைய அசைய, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வெவ்வேறு பகுதி வந்து விழுகிறது. நூறு சட்டகத்தைச் சேர்த்தால் நூறு குறிப்புகள் கிடைக்கும்.

கருப்பு வேண்டாம் என்று எங்களில் ஒருவர் பிடிவாதமாக இருந்தார். நாளிதழில் கண்ணின்மேல் கருப்புப் பட்டை போட்டால் யார் நினைவுக்கு வருகிறார்கள் என்று கேட்டார். கடைசியில், பெரியவருக்குப் பின்னாலிருந்த சுண்ணாம்பு அடித்த சுவரின் நிறத்தையே எடுத்து, அதனால் முழுக்க மூடினோம். விளிம்பை மட்டும் மிருதுவாக்கினோம். அடியில் முகத்தின் எந்தத் துளியும் இல்லை; மீட்க எதுவும் இல்லை. சுவரே எழுந்து வந்து முகத்தின்மேல் நின்றதுபோலிருந்தது. அழகாக இல்லை. அழகாக்க நாங்கள் முயலவும் இல்லை.

படத்தை வேறு எவருக்கும் காட்டுவதற்கு முன் பேசியவர்களிடம் காட்டுவது என்று முதலிலேயே வைத்திருந்தோம். பெரியவரின் வீட்டில் மடிக்கணினியைத் திறந்தோம். பத்து விநாடி ஓடியிருக்காது; அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “மூஞ்சியத்தான மூடினீங்க? அந்தத் தோள எங்க மூடினீங்க?” துண்டைச் செருகும் விதம், உட்காரும்போது வலமுழங்காலைப் பிடித்துக்கொள்வது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். எட்டிப்பார்த்த பேரப்பிள்ளை, பின்னாலிருந்த நீலப் பீப்பாயைப் பார்த்து, “நம்ம வூடு,” என்றான். ஆக, சட்டகத்தின் எந்த மூலையும் முகமாகிவிடக்கூடும்.

பீப்பாயை எடுத்துவிட்டோம், அசையாத பொருளை மறைப்பது குழந்தை விளையாட்டு. முழங்காலைப் பிடிக்கும் இடத்தில் நகர்வின் எண்கள் உதவின. எங்கள் காமிரா 3840-க்கு 2160 என்ற அளவில் எடுத்திருந்தது. படமோ 1920-க்கு 1080. எனவே தெளிவு கெடாமல் காட்சியை இரட்டிப்பாகப் பெரிதாக்கலாம். பெரிதாக்கி, சற்றே மேலே நகர்த்த, முழங்கால் சட்டகத்துக்கு வெளியே போயிற்று. மாஸ்க் போடுவது ஒருவகை மறைப்பு என்றால், சட்டகத்தை நகர்த்துவது சத்தமில்லாத மறைப்பு. அங்கே ஏதோ மறைக்கப்பட்டது என்றுகூடத் தெரியாது. செய்திப்படங்களைப் பார்க்கும்போது இதை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கைகளில்தான் சிக்கினோம். பெரியவரின் கைகள் படத்தின் சாட்சி. சுண்ணாம்பும் சல்ஃபைடும் அரித்த விரலிடுக்குகள், வெளுத்த நகக்கண்கள், காகிதம்போல் உரிந்து உரிந்து தடித்த உள்ளங்கை. அவற்றை மூடினால் அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதே விளங்காது. மூடாவிட்டால் தெரிந்தவர்களுக்கு அடையாளம். இதை அவரிடமே கேட்டோம். அவர் இரண்டு கைகளையும் விரித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “கை இருக்கட்டும். இந்தக் கை இந்த ஊர்ல எத்தினி பேருக்கு கீது தெரியுமா?” என்றார். கைகள் இருந்தன.

இரண்டாமவருக்கு அந்த நியாயம் செல்லவில்லை. இடக்கையில் இந்த இரண்டு விரல்கள் இந்த இடத்தில் முறிந்த ஆள், அந்த ஆலையில் ஒருவர்தான். அவர் விரலைக் காட்டவே பேச வந்தவர். ஈட்டுத்தொகை கேட்டு அலைந்த கதை முழுவதையும் அந்தக் கையை ஆட்டி ஆட்டித்தான் சொல்கிறார். அந்த ஆலையின் பெயரை இங்கும் எழுதவில்லை, படத்திலும் சொல்லவில்லை. விரலை மூடினால், எதற்காக அவர் பேசுகிறாரோ அது போயிற்று. காட்டினால், முகத்தை மூடியதற்குப் பொருளில்லை. மூன்று வாரம் அந்தக் காட்சி நேரக்கோட்டில் அப்படியே கிடந்தது. முழுக் கையையும் ஒரு நகரும் மறைப்பால் மூடிப் பார்த்தோம். கை வீச்சின் வேகத்தில் விரல் மங்கி ஓடும் சட்டகங்களில் எந்த வட்டமும் நிற்கவில்லை. நின்ற இடங்களிலோ, கையைச் சுற்றிய கட்டுப்போல அது எல்லோரையும் அங்கேயே பார்க்கச் சொன்னது. பிறகு காட்சியை இரண்டு மடங்காக்கி, தோளுக்குமேல் மட்டும் வைத்தோம். முகமிருந்த இடத்தில் ஒரு நிறம். அதற்குக் கீழே சட்டைக் காலர். ஆட்டுகிற கை சட்டகத்துக்கு வெளியே எங்கோ. கை உயரும்போது தோள் உயர்வது மட்டும் தெரிகிறது. பார்த்தவர்களில் ஓரிருவர், அந்தத் தோள் ஏன் இப்படிப் பதறுகிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

அவரிடம் காட்டியபோது அவருக்குத் திருப்தியில்லை. “விரலு இல்லாம நான் சொல்றத எவன் நம்புவான்?” என்றார். எங்களிடம் பதில் இல்லை. ஒப்புக்கொண்டது அவருடைய மனைவி சொன்னதால்.

குரலைப் பற்றிச் சுருக்கமாக. சுருதியை மாற்றித் தடிப்பாக்கிய குரலையும் திருப்பிவிடலாம். மேலும் அது கேலிக்கூத்தாக ஒலிக்கிறது. பேரணாம்பட்டுப் பக்கத்து நாடக நண்பர் ஒருவர், மூவர் பேசியதையும் சொல் மாறாமல், இந்த வட்டாரத்து வழக்கு மாறாமல் திரும்பப் பேசிக்கொடுத்தார். இருமலைக்கூட விடவில்லை. அம்மாளுக்கு அவருடைய தமக்கை பேசினார்.

மிச்சமிருந்தது மூலப்பதிவு. படத்தில் எத்தனை மறைத்தாலும், மறைக்காத மூலம் எங்கள் வன்தட்டில் இருந்தது. கோப்பில் தேதியும் நேரமும் இருக்கின்றன. கைப்பேசியில் எடுத்த துண்டுகளில் இடமும் இருக்கிறது. அழித்துவிடுவோம் என்றார் ஒருவர். நாளை ஒரு குழுவோ நீதிமன்றமோ கேட்டால் என்ன செய்வது, இந்த வழக்குகள் முப்பது ஆண்டு நடப்பவை என்றார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரியாக இருந்தபடியால் மூன்றாமவரால் தீர்க்க முடியவில்லை. இதையும் பேசியவர்களிடமே விட்டோம். அம்மாள் அழிக்கச் சொன்னார், அழித்தோம். பெரியவர் இரண்டு நாள் யோசித்து அழிக்கச் சொன்னார். அந்தப் பன்னிரண்டு சட்டகம் அத்துடன் போயிற்று.

விரல் போனவர் வைத்துக்கொள்ளச் சொன்னார். அவருடைய பதிவு இணையத்துடன் இணைக்காத ஒரு வன்தட்டில் பூட்டி இருக்கிறது. அதன் தொகுப்புக் கோப்பில், மறைப்பை அணைக்கும் சிறு பொத்தானும் காட்சியை முழு அளவுக்குத் திருப்பும் எண்ணும் அப்படியே இருக்கின்றன. மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்த பிறகு அவர் மனுப் போட வேண்டிய அலுவலகமும் மாறிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை, ஆம்பூரில் இறங்கினால், எங்களைக் கூப்பிடுகிறார். பேச்சு எப்போதும் மழையில் தொடங்கும், பாலாற்றில் தண்ணீர் வந்ததா என்பதில் போகும். வைப்பதற்கு முன் ஒரு கேள்வி.

“அது கீதா?”

“இருக்குதுண்ணே.”

“சரி, இருக்கட்டும்,” என்று வைத்துவிடுவார்.